இருபத்தைந்து நாள் விட்டுவைத்த மான்

அந்த மான் எப்போது வரும் என்பது எனக்கு மனப்பாடம். மாலை ஏழு மணிக்குச் சிவப்பு மழையங்கி போட்ட ஒரு பெண் இரண்டு நாய்களோடு காட்டுப்பாதையால் போவாள். நாய்களின் குரைப்பு ஓடைப் பக்கமாகத் தேய்ந்து இருபது நிமிடம் கழித்து, ஊசியிலை மரங்களுக்குள்ளிருந்து ஒரு தலை தெரியும். கொஞ்ச நேரம் அசையாமல் நின்று பார்த்துவிட்டுத்தான் வெட்டவெளிக்கு இறங்கும். மே முழுக்க, யூன் முழுக்க இதில் ஒரு மாற்றமும் இல்லை. எங்கள் தெருவுக்கு வரும் பேருந்துகூட அவ்வளவு ஒழுங்காக வருவதில்லை.

ஜேர்மனியில், வுப்பர்டாலுக்கு வெளியே உள்ள அரச காடு அது. பொதுக்காடு என்பதால் நடப்பவர், ஓடுபவர், சைக்கிள்காரர், நாய்க்காரர் எல்லாரும் வருவார்கள். அதன் ஒரு மூலையில் வேட்டையாட எனக்கு அனுமதிச் சீட்டு இருந்தது. தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த ஒருவரின் பேச்சைக் கேட்டு, ஒரு குளிர்காலம் முழுக்கப் படித்துச் சோதனை எழுதி வாங்கிய வேட்டை உரிமம். எங்கள் ஆட்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். "நாங்கள் எல்லாரும் துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். இவர் இஞ்சை வந்து சோதினை பாஸ் பண்ணித் துவக்கு வாங்கியிருக்கிறார்." சிரிக்கட்டும். காட்டில் மரத்தோடு கட்டிய பரணில் தனியாக இருக்கும் இரண்டு மணி நேரம் ஒருவரும் என்னிடம் ஒன்றும் கேட்கமாட்டார்கள். எனக்கு அது தேவையாக இருந்தது.

அது ஊரில் போர் முடிந்த வருடம். என் மனைவியின் தம்பி அங்கிருந்து சித்திரையில் கடைசியாகப் பேசியிருந்தான். அதற்குப் பிறகு தகவல் இல்லை. முகாம்களிலும் இல்லை, ஆஸ்பத்திரிகளிலும் இல்லை, யாரும் கண்டதாகவும் இல்லை. தொலைபேசி அடித்தால் அவள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவாள். எடுத்துக் கேட்டுவிட்டு வைப்பாள். அவ்வளவுதான்.

யூலை நடுப்பகுதியில் மானின் வாயில் ஏதோ பிழை இருப்பதைக் கண்டேன். ஆட்டுக்கடா அளவேயான சின்ன இனத்து மான், நல்ல கொம்பு. புல்லைக் கடிக்கும், மெல்லும், மென்றது அப்படியே கீழே விழும். பைனாக்குலரைத் திருகிப் பார்த்தேன். கீழ்த்தாடை உடைந்து ஒரு பக்கமாகத் தொங்கியது. காரில் அடிபட்டதோ, யாருடைய பிழையான வெடியோ, தெரியாது.

காட்டதிகாரியிடம் சொன்னேன். அதிகம் பேசாத, நரைத்த தாடிக்கார மனிதர். "அது பட்டினியால் சாகப்போகிறது. முதல் சந்தர்ப்பத்திலேயே சுட்டுவிடு" என்றார். "உனக்கு நேரம் இல்லையென்றால் சொல், வேறு ஆளை அனுப்புகிறேன்."

"தேவையில்லை. அதன் நேரமெல்லாம் எனக்குத் தெரியும்" என்றேன். அந்தக் காட்டில் சீட்டு வைத்திருந்தவர்களில் வெளிநாட்டுக்காரன் நான் ஒருவன்தான். என் மூலைக்கு இன்னொருவன் வந்து என் மானைச் சுட்டுவிட்டுப் போவதா? சரியான மண்டைக்கனம்.

முதல் இரண்டு மாலையும் காற்று பிழையாக அடித்தது. என் வாடையை முதுகிலிருந்து நேரே மரங்களுக்குள் கொண்டுபோனது, மான் தலையையே காட்டவில்லை. மூன்றாம் நாள் சனிக்கிழமை. மான் வந்து அருமையாக நின்றது. ஆனால் அதற்கு நேர் பின்னால் பாதையோரம் ஒரு குடும்பம் விரிப்பைப் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டேன். அது சரியான முடிவு, இன்றைக்கும் அதில் எனக்குக் கவலை இல்லை. திங்கட்கிழமை மேல்காற்று வரும் என்று வானொலியில் சொன்னார்கள். திங்கள் முடித்துவிடலாம் என்று இருந்தேன்.

அந்தத் திங்கள் ஊரில் நல்லூர்க் கோயில் கொடியேற்றம்.

எங்கள் வீட்டில் நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் மீன், இறைச்சி என்று ஒரு மச்சமும் சமைப்பதில்லை. ஜேர்மனிக்கு வந்த பிறகும் அதை விட்டதில்லை. அதற்கென்றே வேறு சட்டி பானை. வேட்டைக்காரன் வீட்டில் அதுவும் நடந்தது, இதுவும் நடந்தது. ஆனால் அந்த வருடம் அவள் ஒரு நேரம் மட்டும் சாப்பிட்டு விரதம் பிடித்தாள். தம்பிக்காக. காலையில் குளித்து, நனைந்த தலையோடு அறை வாசலில் வந்து நின்றாள். துவக்குப் பூட்டிவைக்கும் இரும்புப் பெட்டி அங்கேதான் இருந்தது.

"இஞ்சாருங்கோ, உங்களட்டை ஒண்டு கேக்கட்டே?"

"கேளுமன்."

"தீர்த்தம் முடியுமட்டும் இந்தப் பெட்டியைத் திறக்காதேங்கோ. ஒரு உயிரையும் எடுக்காதேங்கோ. நான் அங்கை ஒரு உயிரைக் கேட்டுக்கொண்டிருக்கிறன்."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். இப்படி ஒரு மான், தாடை உடைந்து, சாப்பிட ஏலாமல் நிற்கிறது என்று இரண்டு வசனம். எனக்கு வாய் வரவில்லை. அவள் இருக்கிற நிலைமையில் காயம், இரத்தம், பட்டினி என்று எதைச் சொன்னாலும் அவள் தம்பியைத்தான் நினைப்பாள் என்று பயந்தேன். "ஓம், திறக்கமாட்டன்" என்றேன். அவள் பெட்டியின் திறப்பை வாங்கிச் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்தாள்.

காட்டதிகாரிக்காவது சொல்லி வேறு ஆளை விட்டிருக்கலாம். விரதம் என்று சொன்னால் அந்த மனிதர் சிரிக்கமாட்டார், விளங்கிக்கொள்வார். சொல்லவில்லை. அவர் தொலைபேசி எடுத்தபோது "காற்று சரியில்லை" என்றேன். மறுபடி எடுத்தபோது "பாதையில் ஆட்கள்" என்றேன். மூன்றாம் முறை "அடுத்த கிழமை கட்டாயம்" என்றேன். மே மாதத்திலிருந்து நேரம் தவறாமல் வந்த மான் இன்னும் மூன்று கிழமைக்கு வராமலா போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

துவக்கு இல்லாமல் போய்ப் பரணில் இருந்தேன். ஏன் போனேன் என்று கேட்டால் தெரியாது. வீட்டில் இருக்க முடியவில்லை. சிவப்பு மழையங்கிக்காரி போவாள், இருபது நிமிடம், மான் வரும். ஐந்தாம் திருவிழா அன்று விலா எலும்பை எண்ணலாம் போல இருந்தது. ஒன்பதாம் நாள் அது புல்லைக் கடிக்கவே இல்லை, ஓடையில் வாயை வைத்துக்கொண்டு நின்றது. மேல்காற்று நன்றாக அடித்தது. பாதையில் ஒரு குருவிகூட இல்லை. அறுபது மீற்றர். அப்படி ஒரு வாய்ப்பு அதற்கு முன்னும் எனக்கு வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. வெறுங்கையைத் தொடையில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

ஆவணி பிறக்கும் முன்னமே இந்த மான்களுக்கு இணைசேரும் காலம். நேரம் காலம் எல்லாம் குழம்பும் நாட்கள். படித்ததுதான், சோதனையில் எழுதியும் இருக்கிறேன். பன்னிரண்டாம் நாள் இளம் கடாமான் ஒன்று வந்து என் மானை முட்டித் துரத்தியது. அது எதிர்த்துக்கூட நிற்கவில்லை, பின்னங்கால் மடங்கி விழுந்து எழும்பி மரங்களுக்குள் போனது. அதன் பிறகு வெட்டவெளிக்கு அது வரவே இல்லை. ஒவ்வொரு மாலையும் போனேன். நாய்கள் போகும், இருபது நிமிடம் ஆகும், ஒரு மணி நேரம் ஆகும், இளம் கடாதான் வந்து மேயும்.

தீர்த்தம் முடிந்த மறுநாள் விடிய மனைவி திறப்பை எடுத்துத் தந்தாள். நான் துவக்கை எடுத்துக்கொண்டு நேரே காட்டதிகாரியின் வீட்டுக்குப் போனேன். மானைக் காணவில்லை என்றதும் அவர் தன் நாயைக் கூட்டிக்கொண்டு வந்தார். நாய் வெட்டவெளியிலிருந்து கீழே இறங்கி, ஓடையோரத்து முட்பற்றைக்குள் நின்று குரைத்தது.

உயிரோடு இருந்தது. அதுதான் கொடுமை. படுத்தபடி தலையை மட்டும் தூக்கி எங்களைப் பார்த்தது. எழும்ப ஏலவில்லை. வாய் இருந்த இடம் முழுக்கப் புழு. நான் மூன்று மீற்றரில் நின்று சுட்டேன். காற்றும் பார்க்கவில்லை, நேரமும் பார்க்கவில்லை.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. சுட்ட மிருகத்தின் வாயில் ஒரு பச்சைக் கிளை வைப்பார்கள், அதற்குக் கடைசி உணவாக. காட்டதிகாரி தொப்பியைக் கழற்றி, ஒரு கிளையை முறித்துக்கொண்டு குனிந்தார். வைப்பதற்கு வாய் இல்லை. கொஞ்ச நேரம் கிளையைக் கையிலேயே வைத்திருந்துவிட்டு, அதன் விலாவின் மேல் போட்டார்.

"நான்கு கிழமையும் காற்று சரியில்லையா?" என்று கேட்டார். அவர் நாயைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். இறைச்சிக்கு உதவாது, அங்கேயே குழி வெட்டிப் புதைத்தேன். அடுத்த வருடம் எனக்குச் சீட்டுக் கிடைக்கவில்லை, நான் கேட்கவுமில்லை.

வீட்டுக்கு வந்தபோது அவள் குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"சுட்டியளோ?"

அன்று எல்லாவற்றையும் சொன்னேன். தாடையை, ஓடையில் நின்றதை, புழுவை. அவள் குழாயைப் பூட்டினாள்.

"உது எப்ப தெரியும் உங்களுக்கு?"

"கொடியேற முன்னமே."

"என்னட்டைச் சொல்லியிருந்தா அண்டைக்கே போய்ச் சுடுங்கோ எண்டு நானே திறப்பைத் தந்திருப்பன். நான் என்ன கல்லே? ஐயோ, அவ்வளவு நாளும் அது கிடந்து உத்தரிச்சிருக்கு. நான் இஞ்சை கும்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறன்."

"நீர் தாங்கமாட்டீர் எண்டு நினைச்சன்."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். குரல் நன்றாக இறங்கியிருந்தது.

"அப்ப தம்பியைப் பற்றியும் உங்களுக்கு ஏதோ தெரியும். நான் தாங்கமாட்டன் எண்டு சொல்லாம வைச்சிருக்கிறியள். என்ன?"

"சத்தியமா எனக்கு ஒண்டும் தெரியாது."

அது உண்மை. அன்றைக்கும் உண்மை, இன்றைக்கும் உண்மை. அவள் நம்பவில்லை. இப்போதெல்லாம் தொலைபேசி அடித்தால் அவள் ஓடுவதில்லை. நான் எடுத்துப் பேசி வைக்கும்வரை என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.