தேதி மட்டும் போட்ட செய்தி

2018 செப்டம்பர், மூன்றாம் ஞாயிறு. கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் எங்கள் பங்குக் கோயிலில் பூசை முடிந்து வெளியே நின்றிருந்தோம். கல்வராயன் மலையில் வாழ்க்கைப்பட்ட ஒரு பெண் கையில் தாள்களோடு வந்தார். வரப்புத் தகராறில் அண்ணன் தம்பி இருவரை வெட்டிக் கொன்ற அவருடைய தம்பிக்குத் தூக்கு என்று தீர்ப்பாகியிருந்தது. ஆயுள் தண்டனையாக மாற்றக் கேட்கும் கருணை மனுவுக்குக் கையெழுத்து வேண்டும் என்றார்.

சிலர் பேனாவை எடுத்துவிட்டார்கள். ஒருவர் மட்டும், "கோயில் இதுக்கு இன்னா சொல்லுது சார்?" என்று என்னைக் கேட்டார். நான் புத்தகம் படிக்கிறவன், எதையும் தேதியோடு சொல்கிறவன் என்று பெயர். அந்த மிதப்பில், "வேறு வழியே இல்லாவிட்டால் அரசு மரண தண்டனை தருவதைத் திருச்சபை விலக்கவில்லை, எண் 2267" என்று திருச்சபையின் போதனைகளைத் தொகுத்த மறைக்கல்வி நூலை ஒப்பித்தேன்.

"சாரே சொல்லிட்டாரு. பேனாவ மூடுங்கப்பா" என்றார் கேட்டவர்.

அந்தப் பெண் தாளை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

புதன்கிழமை, சேர்ந்துகிடந்த செய்தித்தாள் நறுக்குகளை நோட்டில் ஒட்ட உட்கார்ந்தேன். ஒன்றில் 3.8.2018 என்று என் கையெழுத்து. எவ்வளவு பெரிய குற்றம் செய்தாலும் மனிதனின் மாண்பு போய்விடுவதில்லை, எனவே மரண தண்டனை ஏற்கத்தக்கதல்ல என்று போப்பாண்டவர் மறைக்கல்வியைத் திருத்திய செய்தி. அதே எண் 2267. வெட்டியிருக்கிறேன், தேதி போட்டிருக்கிறேன், படிக்கவில்லை.

மறுநாள் காலை கச்சிராயபாளையம் வழியாக மலைமேல் வெள்ளிமலைக்குப் போகும் பஸ்ஸைப் பிடித்தேன். மரவள்ளிக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த அந்தப் பெண் என்னைப் பார்த்ததும், "மலையேறி வந்துட்டீங்களா? மொதல்ல குந்துங்க சார்" என்றார். நறுக்கைக் காட்டி மன்னிப்புக் கேட்டேன். சிரித்துவிட்டார்.

"எல்லாத்தயும் தேதியோட சொல்லுவீங்களாமே, இத மட்டும் வுட்டுட்டீங்களே!"

கையெழுத்துப் போட மனுவை வாங்கினேன். அப்போதுதான் அதைப் படித்தேன். முதலாவதாக ஒரு கைநாட்டு. பக்கத்தில், கொல்லப்பட்ட மூத்தவரின் மனைவி என்று எழுதியிருந்தது. நிமிர்ந்து அவரைப் பார்த்தேன்.

"நானா கேக்கல சார். 'நான் அழுவறது போதும், உங்கம்மாவும் அழுவறத வேற பாத்துக்கினு இருக்கணுமா'ன்னு அந்த அக்காவே கூப்ட்டு கைநாட்டு வெச்சாங்க."

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அந்தத் தாளையும் நறுக்கையும் நான்தான் படிக்க வேண்டும் என்று அவரே தந்து அனுப்பினார். எல்லார் முன்னாலும் என் தவற்றைச் சொல்லிவிட்டு இரண்டையும் படித்தேன். பேனாவை மூடச் சொன்னவர்தான் முதலில் வந்து கையெழுத்துப் போட்டார்.

தண்டனை பின்னர் ஆயுளாகக் குறைந்தது. எங்கள் மனுதான் காரணமா என்று தெரியாது. தெரியாததை நான் எழுதுவதில்லை. தெரிந்தது இதுதான்: தவறாகச் சொன்ன என் வாயாலேயே அதைத் திருத்தவும் ஓர் இடம் தந்தார் அந்தப் பெண். அந்த நன்றியில், இன்றும் ஒரு நறுக்கை முழுதாகப் படித்து முடித்த பிறகே அதன்மேல் தேதி போடுகிறேன்.