எண்ணாம வண்டிய எடுக்க மாட்டேன்

வேன் ஓட்டறது கையும் காலும் செய்யற வேலைன்னு நெனச்சுத்தான் நான் லைசென்ஸ் எடுத்தேன். ஏப்ரல், மே மாசத்துல அது முழுக்க முழுக்க வாயால செய்யற வேலைங்க.

புள்ளைங்களுக்குப் பரீட்சை முடிஞ்ச மறுநாளே பென்னாகரம் ஸ்டேண்டுல எங்க வண்டிங்களுக்கு மவுசு வந்துரும். ஒகேனக்கல், ஏற்காடு, கிருஷ்ணகிரி டேம், தீர்த்தமலை, அப்பறம் எந்த ஊர்ல தேர் ஓடுதோ அந்த ஊரு. லீவுல புள்ளைங்கள வண்டியில அடைச்சுக் கூட்டிட்டுப் போயித் திரும்பி வந்தவங்க நீங்கன்னா, நான் சொல்லப் போறதுல பாதி உங்களுக்கே நடந்திருக்கும்.

ஸ்டேண்டுல பொம்பள டிரைவர் நான் ஒருத்திதான். வண்டி என்னுதில்ல, ஓனரோடது. இந்த வருசம் லீவு ஆரம்பத்துலயே அவரு சொல்லிட்டாரு, "மூணாவது கம்ப்ளெயிண்ட் வந்துச்சுன்னா சாவிய வச்சுட்டுப் போயிரணும்"னு. கம்ப்ளெயிண்ட் ஏன் வருதுன்னா, என்கிட்ட ஒரு பழக்கம் இருக்குதுங்க. எங்க நிறுத்தினாலும், திரும்ப எடுக்கறதுக்கு முன்னாடி உள்ள இருக்கற புள்ளைங்கள ஒண்ணு, ரெண்டுன்னு வாய் விட்டு எண்ணுவேன். எண்ணி முடியற வரைக்கும் சாவியத் திருப்ப மாட்டேன். யாரு தலைகீழா நின்னாலும் மாட்டேன்.

எண்ணெயில கெடந்த மீனு

அந்தப் பழக்கம் வந்த கதைய மொதல்ல சொல்லிடறேன். நான் வேன் ஓட்ட ஆரம்பிச்ச வருசம். பாப்பாரப்பட்டியில இருந்து ஒரே குடும்பம், ரெண்டு வேன்ல ஒகேனக்கல் போனோம். எண்ணெய் மசாஜ், அருவிக் குளியல், பரிசல், எல்லாம் ஆச்சு. கெளம்பும்போது என் வண்டியில இருந்தவங்க, பாப்பா முன்னாடி வண்டியில ஏறிட்டான்னாங்க. முன்னாடி வண்டிக்காரங்க, அவ பின்னாடி வண்டியில வர்றான்னு நெனச்சுக்கிட்டாங்க. நானும் வாய மூடிட்டு வண்டிய எடுத்தேன். மலையேறி வந்து பென்னாகரத்துல டீக்கு நிறுத்தினப்பத்தான் தெரிஞ்சுது, ஏழு வயசுப் பொண்ணு ரெண்டு வண்டியிலயும் இல்லைன்னு.

திரும்பி எறங்கின அந்த அரை மணி நேரம் என் எதிரிக்குக்கூட வரக் கூடாதுங்க. அவங்கம்மா பின்னாடி சீட்டுல தலைல அடிச்சுட்டு அழுவுறாங்க. பக்கத்துலயே ஆறு ஓடுதேங்கறதுதான் என் நெனப்பெல்லாம். போயிப் பாத்தா, மீன் வறுக்கற அக்கா கடையில, பெஞ்சு மேல ஜம்முன்னு உக்காந்திருக்குது பொண்ணு, வாயெல்லாம் மசாலா. அம்மாக்காரி ஓடிப்போயிக் கட்டிப் புடிச்சுத் தூக்கினா, அது கையக் கால ஒதறிக்கிட்டு சொல்லுச்சு: "இரும்மா, இன்னொரு மீனு எண்ணெயில கெடக்குது!"

சாமிக்கு வச்ச பழம்

இந்த வருசத்து மொத கம்ப்ளெயிண்ட் எண்ணினதுக்கு வரலீங்க, எலுமிச்சம்பழத்துக்கு வந்துச்சு. ஏற்காடு பார்ட்டி. கெளம்பும்போது அந்த வூட்டு அத்தை ஒருத்தங்க அஞ்சு பழம் எடுத்துட்டு வந்தாங்க. நாலு சக்கரத்துக்கும் நாலு வச்சாங்க, நசுக்கிட்டு எடுத்தேன். அஞ்சாவது பழம் டேஷ்போர்டுல சாமி படத்துக்கு முன்னாடி. மலையில மூணாவது வளைவுலயே பையன் ஒருத்தனுக்கு மூஞ்சி வெளிறிப் போச்சு. மோந்து பாக்க ஒரு எலுமிச்சம்பழம் குடுங்கன்னா, யாருகிட்டயும் இல்ல. டயருக்கு வாங்கத் தெரிஞ்சவங்களுக்குப் புள்ளைக்கு வாங்கத் தெரியல.

ஓரமா நிறுத்தி, சாமிகிட்ட இருந்த பழத்த எடுத்து, தோல நகத்துல கீறி, பையன் கையில குடுத்தேன். "சாமிக்கு வச்சத எடுக்கறியே, நல்லாருப்பியா?"ன்னு அத்தை சத்தம் போட்டாங்க. "சாமிக்கு வாந்தி வரலீங்க, புள்ளைக்கு வருது"ன்னேன். அங்கயே போன எடுத்து ஓனருகிட்ட என் வாய்க்கொழுப்பப் பத்திப் பத்து நிமிசம் பேசினாங்க. அப்பறம் இன்னும் ஆறு வளைவு ஏறியிருப்போம். பின்னாடி இருந்து அதே அத்தை, குரலே எழும்பாம கூப்புட்டாங்க: "டிரைவரம்மா, அந்தப் பழத்தக் கொஞ்சம் இந்தப் பக்கம் குடுக்கச் சொல்லுங்க."

முட்டாய்

ரெண்டாவது கம்ப்ளெயிண்ட் அதியமான்கோட்டைப் பக்கம் ஒரு வெவசாயக் குடும்பம். தீர்த்தமலைக்குப் போயிட்டுத் திரும்பறோம். நான் திரும்பி உக்காந்து, "ஒண்ணு..."ன்னு வெரல நீட்டினதும், அந்த வூட்டுப் பெரியப்பா என் கைய மறிச்சுட்டாரு. "ஏம்மா, வளர்ற புள்ளைங்கள யாராச்சும் எண்ணுவாங்களா? கண்ணு பட்டுரும்." அவர மட்டும் சொல்லக் கூடாதுங்க. எங்க வூட்லயும் அப்படித்தான். புள்ளைங்க எத்தனைன்னு கேட்டா, இருக்குதுங்க நாலஞ்சுன்னுதான் சொல்லுவாங்க, சரியான கணக்கு வாயில வராது. ஆனா நம்பிக்கை அவங்களுது, ஸ்டியரிங் என் கையில.

சரி, புள்ளைங்கள எண்ணலைன்னு சொல்லிட்டு, காலையில ஏறினது ஏழு பேரு, அதனால ஏழு முட்டாயக் கையில எடுத்து ஆளுக்கு ஒண்ணு குடுத்தேன். கடைசியில ஒண்ணு மிச்சம். தேடிப் பாத்தா ஒருத்தன் கீழ நின்னு கொரங்குக்கு வாழைப்பழம் குடுத்துட்டு இருக்கறான். அவனைத் தூக்கி வண்டிக்குள்ள போட்டுட்டுத்தான் எடுத்தேன். பெரியப்பாவுக்கு அதுவும் புடிக்கல, சுத்தி வளைச்சு எண்ணிட்டேனாம். ஊருக்கு வந்து எறங்கினதும் என் கண்ணு முன்னாலயே ஓனருக்குப் போன் போட்டாரு. அவரு பேசிட்டு இருக்கும்போதே சின்னக் குட்டி ஒருத்தி என் சுடிதாரப் புடிச்சு இழுத்தா: "அத்தை, நான் மறுபடி ஏறி உக்காரட்டுங்களா, இன்னொரு தடவ எண்ணறீங்களா?"

ஒண்ணு கூட

இனி ஒரே ஒரு கம்ப்ளெயிண்ட்தான் பாக்கி. அந்த வாரமே தருமபுரிப் பக்கம் ஒரு பொருட்காட்சிக்குப் பார்ட்டி வந்துச்சு. வீடு கட்டற கான்ட்ராக்டர் ஒருத்தரோட குடும்பம், பெரியவங்க ஆறு பேரு, புள்ளைங்க எட்டு. சொந்தக்காரங்க நாலு ஊர்ல இருந்து லீவுக்கு வந்து சேந்த கூட்டம், புள்ளைங்களுக்கே ஒண்ணுக்கொண்ணு சரியாத் தெரியாது. ராட்டினம், டெல்லி அப்பளம், ஐஸ் எல்லாம் முடிஞ்சு சாயந்தரம் அஞ்சு மணி இருக்கும், காத்தடிச்சு சடசடன்னு கோடை மழை புடிச்சுக்கிச்சு. நிறுத்தற எடம் பூரா வெள்ளை வேன். ஒரு அம்பது அறுபது இருக்கும், எல்லாம் ஒரே மாதிரி. நான் கதவத் தெறந்து வச்சதும் எல்லாரும் ஓடி வந்து விழுந்தடிச்சு ஏறினாங்க.

"எல்லாரும் ஏறியாச்சு, கூட்டம் கெளம்பறதுக்குள்ள எடும்மா"ன்னாரு கான்ட்ராக்டரு. "எண்ணிட்டு எடுக்கறேங்க"ன்னேன். வந்துச்சே கோவம் அவருக்கு! போனப் போட்டு ஸ்பீக்கர்ல வச்சாரு. ஓனரு குரல் வண்டி பூரா கேக்குது: "இப்ப நீ எடுக்கலைன்னா நாளைக்கு உனக்கு வண்டி இல்ல." இந்த வண்டிய விட்டா என்னை நம்பி வேற எவனும் சாவி குடுக்க மாட்டான். ஆனாலும் அந்த மீன் கடைக்குத் திரும்பி எறங்கின ரோடு கண்ணுல வந்து நின்னுச்சு. சாவிய உருவிக் கையில வச்சுட்டுத் திரும்பி உக்காந்து எண்ணினேன். ஒம்பது வருது. மறுபடி எண்ணினேன். ஒம்பதுதான். "ஒண்ணு கூட இருக்குதுங்க"ன்னேன். கான்ட்ராக்டரு சம்சாரம் சொல்லுது, "கூடத்தானே இருக்குது, கொறையலையே! எடும்மா!"

எறங்கிப் பின்னாடி போயி, கடைசி சீட்டுல ஈரப் போர்வையத் தூக்கினேன். நாலு வயசுப் பையன், கையில பாதி அப்பளம், நல்லாத் தூங்கறான். யாரோ சித்தி வூட்டுப் பையன்னு புள்ளைங்க எடம் விட்டு உக்காந்திருக்குதுங்க. எழுப்பினா அழுவல. சுத்தி ஒரு பார்வை பாத்துட்டு, "எங்க வேன்ல டிவி இருக்கும், இதுல எங்க?"ன்னு கேட்டான். அதே நேரத்துல மழைக்குள்ள ஒரு சத்தம். ஒரு அம்மா, புர்கா பூரா நனைஞ்சு, கால்ல செருப்பில்லாம, ஒவ்வொரு வேனாத் தட்டித் தட்டி, "ரியாஸு, ரியாஸு"ன்னு கத்திக்கிட்டு வர்றாங்க. பையனத் தூக்கிட்டு ஓடுனேன். வாங்கி முதுகுல ரெண்டு வச்சாங்க, அப்பறம் மூஞ்சியெல்லாம் முத்தம் குடுத்தாங்க, என் கையப் புடிச்சுக்கிட்டாங்க. எனக்கும் அழுகை வந்துருச்சு. பென்னாகரத்துல எறங்கும்போது கான்ட்ராக்டரு சொன்னாரு: "எல்லாஞ்சரி, ஆனா நேரமாக்கிட்டீங்க. ஓனர்கிட்ட சொன்னது சொன்னதுதான்."

சாவி

மறுநாக் காலையில ஓனரு கூப்புடறதுக்கு முன்னாடி நானே அவரு வூட்டுக்குப் போயிச் சாவிய டேபிள் மேல வச்சேன். மூணு கம்ப்ளெயிண்ட், கணக்கு சரியாப் போச்சுன்னேன். நடந்தது அவரு காதுக்கும் வந்திருக்கும்போல. "எண்ணு, வேண்டாங்கல. பார்ட்டிக்குக் கேக்காம மனசுக்குள்ள எண்ணிட்டுப் போ, தொல்லையில்ல"ன்னாரு. "சத்தமாத்தான் எண்ணுவேன். பெரியவங்க காதுல விழுந்தாத்தான் அவங்களும் திரும்பிப் பாப்பாங்க. சரின்னா சாவிய எடுக்கறேன், இல்லைன்னா நீங்களே வச்சுக்குங்க"ன்னு அங்கயே நின்னேன்.

அவரு என்னைப் பாக்கவே இல்ல. சாவிய ஒத்த வெரல்ல என் பக்கமாத் தள்ளிட்டு உள்ள பாத்துக் காபி கேட்டாரு. அப்பறம் எனக்குச் சொன்னாரு: "பத்து மணிக்கு ஒகேனக்கல் பார்ட்டி நிக்குது, பதினோரு புள்ளைங்களாம், எண்ணறதுக்கே ஒரு மணி நேரம் ஆகும், சீக்கிரம் போ."

ஆகவே லீவுல புள்ளைங்களோட கெளம்பற மகராசங்களே, என் வண்டியில ஏறினா உங்க புள்ளைங்கள ஊரே கேக்கற மாதிரிதான் எண்ணுவேன், கண்ணு பட்டா என் மேல படட்டும்.