மனமார ஒப்புதல் அளிப்போர்

நகரசபை ஆபீசில் அவளை எல்லோரும் மினிட்டம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். சபைக் கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள், என்ன தீர்மானம் ஆயிற்று என்று எழுதிவைக்கும் புத்தகத்துக்கு மினிட் புத்தகம் என்று பெயர். முப்பத்தோரு வருஷம் அதை எழுதியவள் அவள். முத்து முத்தான கையெழுத்து. அந்தக் கையெழுத்தில் படித்தால் பொய்கூட உண்மை மாதிரி இருக்கும். அதுதான் வினையாகப் போயிற்று.

சபைத் தலைவருக்கு ஊர் வைத்த பெயர் ஒருமனது. அவர் நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து எந்தத் தீர்மானமானாலும் 'ஒருமனதாக நிறைவேறியது' என்றுதான் எழுதியாக வேண்டும். நாலு பேர் தொண்டை கிழியக் கத்தியிருப்பார்கள், ஒருவர் நாற்காலியைத் தூக்கியிருப்பார். புத்தகத்தைப் பார்த்தால் எல்லோருக்கும் ஒரே மனது. ஒருமுறை அவள் 'ஒருவர் தவிர' என்று சேர்த்துவிட்டாள். அவர் அந்தப் பக்கத்தைக் கிழித்து அவள் மேஜைமேல் வைத்தார்.

"எழுதறது உங்க வேலைம்மா. யோசிக்கிறது என் வேலை."

சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பை அவள் மறக்கவில்லை. ஆனாலும் அதைக்கூட மன்னித்திருப்பாள். மன்னிக்க முடியாதது வேறு.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் பேருந்து நிலையத்தைப் பெரிதாக்கக் கிளம்பினார்கள். இடிக்க வேண்டிய வீடுகளில் ஒன்று அவள் தங்கையுடையது. முன்னறையில் தையல் மெஷின், பின்னறையில் குடித்தனம். புருஷன் போன பிறகு அந்த மெஷினை மிதித்தே இரண்டு பெண்களைப் படிக்கவைத்தவள் தங்கை. பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று அறிவித்ததும் வரிந்துகட்டிக்கொண்டு வந்தாள். வாசலில் ரெஜிஸ்டரோடு உட்கார்ந்திருந்தது அக்காவேதான். வந்ததற்கு அடையாளமாக ஒரு கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவை நீட்டினாள். தங்கை போட்டாள். உள்ளே போய் அரைமணி நேரம் பொரிந்து தள்ளினாள், கைதட்டல்கூட வாங்கினாள்.

ரெஜிஸ்டர் பக்கத்தின் உச்சியில் தலைப்புக்கான இடம் காலியாக இருந்தது. கூட்டம் கலைந்ததும் ஒருமனது வந்து அவள் பின்னால் நின்று சொல்லச் சொல்ல, அவள் எழுதினாள்: 'பேருந்து நிலைய விரிவாக்கத்துக்கு மனமார ஒப்புதல் அளிப்போர்.' மனமார என்பது அவருக்கு ரொம்பப் பிடித்த வார்த்தை. எதிர்க்க வந்த அத்தனை பேரும் ஒரே வரியில் ஆதரவாளர்கள் ஆகிவிட்டார்கள். எழுதும்போது அவள் கை நடுங்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

தங்கை கோர்ட்டுக்குப் போனாள். நீதிபதி ரெஜிஸ்டரைக் காட்டி, இது உங்கள் கையெழுத்துதானா என்று கேட்டார். தங்கை கீழே இருந்த தன் கையெழுத்தைப் பார்க்கவில்லை, மேலே இருந்த தலைப்பைப் பார்த்தாள். சின்ன வயதில் அவளுக்கு 'அ' போடக் கற்றுக்கொடுத்த கை அல்லவா, தெரியாமல் போகுமா? வராந்தாவுக்கு வந்ததும், ரெஜிஸ்டரைக் கொண்டுவந்திருந்த அக்காவிடம், தலைப்பு நீ எழுதியதுதானே என்று ஒரே கேள்விதான் கேட்டாள். மேலிடத்து உத்தரவு என்று அக்கா இழுத்தாள். அன்றோடு பேச்சு நின்றது. வீடு இருந்த இடத்தில் இப்போது பேருந்துகள் ரிவர்ஸ் எடுக்கின்றன.

அன்றிலிருந்து மினிட்டம்மாவுக்கு ஒரே வேலை, ஒருமனதை நினைத்துக் கறுவுவது. காலையில் பல் தேய்க்கும்போது கறுவுவாள், சோறு வடிக்கும்போது கறுவுவாள். ஓய்வுபெற்ற நாளில் அவர் கொடுத்த சுவர்க்கடிகாரம் பேட்டரி போடாமல் கட்டிலுக்கடியில் கிடந்தது.

இந்த நிலைமையில்தான் பொழுதுபோக்கு மையம் வந்தது. வெந்நீர் நீச்சல் குளம், சறுக்கு அரங்கம், கண்ணாடிக் கூரை. மூன்று நாளுக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும் ஊருக்கு வெந்நீர்க் குளம். ஆஸ்பத்திரிக் கூரை ஒழுகி, நோயாளி தலைமாட்டில் வாளி வைத்திருக்கிறார்கள். அந்தக் கூரையை நூறு தடவை மாற்றலாம் என்கிற அளவுக்குச் செலவு. ஊர் கொதித்தது. மருந்துக்கடைக்காரர் தலைமையில் எதிர்ப்புக் குழு கிளம்பியது.

உண்மையைச் சொன்னால் மினிட்டம்மாவுக்குக் குளம் வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான். ரத்தக்கொதிப்பு மாத்திரை வாங்கப் போன இடத்தில், கருத்துக் கேட்புக் கூட்டம் அடுத்த வாரம் என்று காதில் விழுந்தது. அவ்வளவுதான், பதினோரு வருஷம் காத்திருந்த கதவு திறந்த மாதிரி இருந்தது.

மருந்துக்கடைக்காரர் எட்டுப் பக்கத்துக்குப் பேச்சு எழுதி வைத்திருந்தார். பேச்செல்லாம் காற்றோடு போய்விடும், வாசலில் போடுகிற கையெழுத்துதான் நிற்கும் என்று அவள் சொன்னாள். தலைப்பு வித்தையை ஒளிக்காமல் சொன்னாள், எழுதிய கை எது என்பதையும் சேர்த்து. கடையில் இருந்தவர்கள் அவளை ஒரு மாதிரி பார்த்தார்கள். அப்படியானால் யாரும் கையெழுத்தே போடக்கூடாது என்றார் முடிதிருத்துபவர். போடாவிட்டால் நீங்கள் வரவே இல்லை என்று எழுதிவிடுவார்கள் என்றாள் அவள்.

"பேர் கட்டத்துல பேரை எழுதுங்க. கையெழுத்துக் கட்டத்துல, உங்க கையெழுத்தைக் கிறுக்குற மாதிரியே 'ஆட்சேபிக்கிறேன்'னு கிறுக்குங்க. கையெழுத்தை எவனும் படிக்க மாட்டான். முப்பத்தோரு வருஷத்துல நானே படிச்சதில்ல."

முடிதிருத்துபவர் மாத்திரை அட்டையின் பின்பக்கம் எழுதிப் பார்த்தார். அந்த ஒரு சொல்லில் மூன்று தப்பு வந்தது. சரி, இது ஊருக்கு ஆகாது என்று அவளே சின்ன வார்த்தையாக மாற்றிக் கொடுத்தாள்: வேண்டாம்.

கூட்டத்தன்று மண்டபத்துக்கு வெளியே வரிசை தெருவரைக்கும் நின்றது. மினிட்டம்மா வரிசையோரமாக நடந்து, மறந்தவர்கள் காதில் அந்தச் சொல்லைப் போட்டுக்கொண்டே போனாள். ரெஜிஸ்டரில் உட்கார்ந்திருந்த புதுக் குமாஸ்தா, கட்டம் நிரம்புகிறதா என்று மட்டும் பார்த்தார். பக்கத்தின் உச்சியில் பழையபடி காலி இடம். அதைப் பார்த்ததும் அவளுக்கு வாயெல்லாம் இனித்தது.

வரிசையில் தங்கையும் வந்தாள். முடி பாதி நரைத்திருந்தது. அக்கா பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் கட்டத்தில் சரியாக எழுதினாள், வேண்டாம். அது போதும் என்று மினிட்டம்மாவுக்குத் தோன்றியது. ஒருமனது மட்டும் ஒழியட்டும், தங்கை தானாக வந்துவிடுவாள் என்று நம்பினாள்.

ஒருமனது ஏமாற்றவில்லை. தலைப்பை எழுதவைத்து, முத்திரை குத்தி, மேல் ஆபீசுக்கு அனுப்பிவிட்டார். கூடவே, தனித் தபாலில் மருந்துக்கடைக்காரரின் கடிதமும் போயிற்று: தயவுசெய்து கையெழுத்துக் கட்டத்தைப் படித்துப் பார்க்கவும்.

இருபதாம் நாள் மேல் ஆபீசிலிருந்து ஒரு அதிகாரி வந்து, நடந்துகொண்டிருந்த சபையில் ரெஜிஸ்டரைத் தலைவர் முன் வைத்தார். ஒல்லியான பெண்மணி, குரலை உயர்த்தவே இல்லை. முதல் பக்கத்தை உரக்கப் படிக்கச் சொன்னார். பார்வையாளர் பெஞ்சில் முதல் ஆளாக மினிட்டம்மா உட்கார்ந்திருந்தாள்.

"பொழுதுபோக்கு மையத்துக்கு மனமார ஒப்புதல் அளிப்போர்" என்று கணீரென்று ஆரம்பித்தார் ஒருமனது. முதல் பெயரைப் படித்தார். கையெழுத்தையும் படிக்கச் சொன்னார் அதிகாரி. ஒருமனது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்தார்.

"வேண்டாம்."

இரண்டாவது, வேண்டாம். மூன்றாவது, வேண்டாம். போதுமா என்று கேட்டார். பக்கம் முடியட்டும் என்றார் அதிகாரி. இருபத்தைந்து தடவை சொல்லவைத்தார். பத்தாவதில் குரல் கம்மியது, பதினைந்தாவதில் பெஞ்சில் சிரிப்பு கிளம்பியது. கடைசி வரிக்கு வந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. மினிட்டம்மா சிரிக்கவில்லை. ஒவ்வொரு வேண்டாமையும் கடைசிச் சொட்டு வரை ருசித்துக்கொண்டிருந்தாள்.

திட்டத்தைக் கைவிடுகிறோம் என்று சபை அன்றைக்கே தீர்மானம் போட்டது. ஒருமனதும் கையைத் தூக்கினார். அவர் காலத்தில் உண்மையாகவே ஒருமனதாக நிறைவேறியது அது ஒன்றுதான். கையெழுத்து மோசடி விசாரணை தனியாக வந்தது. அன்று வெளியே போகும் வழியில் ஒருமனது அவள் முன்னால் நின்றார்.

"இது உங்க வேலைதானே?"

"எழுதறதுதான் என் வேலைன்னு சொன்னீங்க. இந்தத் தடவை யோசிக்கிறதையும் நானே பார்த்துக்கிட்டேன்."

நேரே தங்கை வீட்டுக்குப் போனாள். வாடகை வீடு, குறுகலான மாடிப்படி. ஏறி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். மெஷினில் ஏதோ பள்ளிச் சீருடை ஓடிக்கொண்டிருந்தது. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள், இருபத்தைந்து வேண்டாமையும் அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். தங்கை மெஷினை நிறுத்திவிட்டு முழுசாகக் கேட்டாள்.

"உனக்காகத்தான் செஞ்சேன்" என்றாள் அக்கா.

தங்கை ஊசியில் நூல் கோத்தாள்.

"அவனுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துட்ட, சரி. அவன் சொல்லத்தான் சொன்னான். எழுதினது யாரு? அவளுக்கு யாரு கொடுக்கறது?"

மினிட்டம்மா ஒரு காலை நிலைப்படிமேல் வைத்தாள். உள்ளே வரட்டுமா என்று கேட்டாள்.

"வேண்டாம்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. மினிட்டம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு, கழற்றி வைத்த செருப்பைக் காலால் துழாவித் தேடினாள்.