இடது செருப்பில் ஓர் ஆணி

கலீமுல்லா பாய் சரிகை வியாபாரி. பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர்களின் வீடுகளுக்கு நடந்தே போய்ச் சரிகை கொடுப்பார். ஸ்கூட்டர் வாங்கித் தருகிறேன் என்று மகன் சொன்னபோது, "கால் இருக்குதே, அது எதுக்குடா?" என்று சிரித்தவர்.

சர்க்கரை வந்து பல வருடமாயிற்று. நினைவு வந்தால் மாத்திரை போடுவார். விருந்தென்றால் நினைவு வராது. நடுவில் கொஞ்ச காலம், மிளகாய் அரைத்துப் பூசியது போல இரண்டு பாதங்களும் எரிந்தன. பிறகு எரிச்சல் தானாகவே நின்றுவிட்டது. பாய்க்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நோயே விட்டுப்போனதாக நம்பி, வீட்டில் பாத்தியா ஓதித் தெருவுக்கெல்லாம் இனிப்பு கொடுத்தார். சர்க்கரை போனதற்குச் சர்க்கரை! அவரை யார் கேட்பது?

அந்த வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து, அப்படியே தறி வீடுகளையும் எட்டிப் பார்த்துவிட்டு, சாயங்காலம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார். பின்னாலேயே வந்து நின்றான் அடுத்த தெரு வசீம். அவன் கையில் ஒரு ஜோடி செருப்பு.

"மாமு, செருப்பு மாறிப் போச்சு. என்னுத நீங்க போட்டுக்கினு வந்துட்டீங்க. இதோ உங்களுது."

இரண்டும் கறுப்புத் தோல் செருப்பு. கூட்டத்தில் யாருக்கும் நடப்பதுதான்.

"அட, இதுக்கா ஓடியாந்த? உள்ள வா, டீ குடி."

வசீம் வரவில்லை. குனிந்து, தன் இடது செருப்பை எடுத்துப் பார்த்தான்.

"மாமு, குதிகால் பக்கம் ஆணி மேல வந்துக்கினு இருக்குது. பள்ளிவாசலுக்கே நான் நுனிக்கால்லதான் வந்தேன். தொழுதுட்டு ரிப்பேருக்குக் குடுக்கலாம்னு இருந்தேன். உங்களுக்கு இது சின்னது வேற. இத போட்டுக்கினா இவ்ளோ தூரம் நடந்தீங்க?"

பாய் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. செருப்பின் உள்பக்கம் ஈரமாயிருந்தது. வசீம் தொட்டான், விரல் சிவந்தது.

நாற்காலியில் உட்கார்ந்து காலைத் திருப்பிப் பார்க்க முயன்றார். தொப்பை விடவில்லை. ஐந்து வேளையும் தொழுகைக்கு முன் விரலிடுக்கு வரை தேய்த்துக் கழுவுகிறவர், அடிப்பாதத்தை ஒரு வேளைகூடப் பார்த்ததில்லை. மனைவி மெஹதாப் தரையில் உட்கார்ந்து அவர் காலை மடியில் வைத்துப் பார்த்தாள்.

"இன்னா இருக்குது?"

அவள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கொஞ்சம்கூட வலிக்கலயே, மெஹதாப்."

"உங்க அண்ணனும் இதையேதாங்க சொன்னாரு."

அண்ணன் அமானுல்லாவுக்கு முதலில் கால் கட்டைவிரலை எடுத்தார்கள். அப்புறம் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். இப்போது கட்டிலே கதியென்று கிடக்கிறார். ஜன்னல் வழியாகத் தெருவில் போகிறவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பார்வை பாய்க்கு நினைவுக்கு வந்தது. எரிச்சல் நின்ற நாளில், கால் மரத்துப்போனதற்குத்தான் இனிப்பு கொடுத்தோம் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அன்றிரவு அவர் தூங்கவில்லை.

காலையில் ஆஸ்பத்திரியில் முதல் ஆளாக நின்றார். நர்ஸ் கலையரசி புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டுக்கொண்டே பேசினாள்.

"செருப்புல கால் வைக்கறதுக்கு முன்னாடி உள்ள கைவிட்டுப் பாருங்க, பாய். வீட்டுக்குள்ளயும் வெறுங்கால்ல நடக்காதீங்க. கால் கழுவுனா வெரலிடுக்குல ஈரமில்லாம தொடைங்க. சுடுதண்ணி ஒத்தடம் வேணவே வேணாம். அடிப்பாதத்த தினமும் கண்ணாடி வச்சுப் பாருங்க, இல்லன்னா வீட்ல பாக்கச் சொல்லுங்க. காய்ப்பு வந்தா பிளேடு எடுத்துக்கினு நீங்களே அறுக்காதீங்க."

"கால் போவாதுல்லமா?" என்றார் பாய்.

"சீக்கிரமா வந்துட்டீங்க. சுகரக் குறைங்க, கட்டு மாத்த தவறாம வாங்க. ஆறும். இப்ப வலது கால நீட்டுங்க."

"அது நல்ல கால்மா."

"இருக்கட்டும். கண்ண மூடிக்குங்க. இந்த நைலான் நரம்பால பாதத்துல அங்கங்க தொடுவேன். தொட்டதும் சொல்லுங்க."

பாய் கண்ணை இறுக மூடிக்கொண்டார். வாய்க்குள் துஆ ஓடியது. இந்தக் காலாவது மிஞ்ச வேண்டும். சொல்லத் தயாராக நாக்கை வைத்துக்கொண்டு காத்திருந்தார். மின்விசிறி மட்டும் கடகடத்தது. இந்தப் பெண் யாரிடமாவது பேசப் போய்விட்டாளோ என்று தோன்றியது.

"ஆரம்பிமா," என்றார்.

"முடிஞ்சிடுச்சு, பாய்."

அவருக்குக் கண்ணைத் திறக்கப் பயமாக இருந்தது.