கடலைக்குப் பயந்த போலீஸ் வீட்டுப் பிள்ளை

எங்கள் வீட்டில் அப்பா போலீஸ், அண்ணன் போலீஸ், சித்தப்பா பட்டாளம். நான் மட்டும் நிலக்கடலையைக் கண்டால் ஓடுகிறவன். ஒரு துணுக்கு வாயில் பட்டாலும் உதடு பணியாரமாக உப்பிவிடும், மூச்சு முட்டும். தென்காசியில் பாதிச் சொந்தக்காரர்களுக்கு என்னை வைத்துத்தான் சிரிப்பு.

நஷ்டம் என் மனைவிக்கு. கடலை என்றால் உயிரை விடுகிறவள், என்னைக் கட்டிய நாளோடு அதைத் தொடுவதை விட்டாள். அவளுக்கு அதைத் திருப்பித் தர வேண்டுமென்று, நாற்பதைத் தாண்டிய பிறகு மதுரையில் ஒரு அலர்ஜி டாக்டரிடம் போனேன்.

"உங்க உடம்பு கடலையை எதிரின்னு முடிவு பண்ணி வச்சிருக்கு," என்றார். அவர் கண்ணெதிரே, நாக்குக்கே தெரியாத அளவு கடலைப் பொடியில் ஆரம்பித்தோம். பிறகு வீட்டில் தினமும் அதே அளவு. கூட்டுவதென்றால் அவர் முன்னால்தான். இப்படிச் சிறுகச் சிறுக உள்ளே போனால், அலர்ஜியைக் கிளப்பும் அணுக்கள் சட்டென்று வெடிக்காதாம். கடலையை மறித்துக்கொள்ளும் வேறு வகை ஆன்டிபாடிகளும் ரத்தத்தில் பெருகுமாம். எங்கள் வீட்டுப் பாஷையில், எடுத்ததற்கெல்லாம் தடியடி நடத்தும் படைக்குப் பொறுமை பழக்குவது. ஆனால் அலர்ஜி அடியோடு போகாது, நிறுத்தினால் பழைய குணம் திரும்பலாம் என்றும் சொல்லிவிட்டார்.

தினமும் பொடியை விழுங்கிவிட்டுத் தியாகி மாதிரி நாற்காலியில் உட்காருவேன். எதிரே அவள், மூச்சு முட்டினால் குத்துவதற்கு டாக்டர் தந்த அவசர ஊசியைக் கையில் பிடித்தபடி. ஒன்றிரண்டு நாள் மூச்சுத் திணறியதும் உண்டு. என் துணிச்சலைப் பார்த்து மலைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறாள் என்றே நினைத்தேன்.

பல மாதங்கள் கழித்து முழுக் கடலையையே மென்று தாங்கினேன். அதன் ருசி எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆயுளுக்கும் தினமும் தின்ன வேண்டுமே என்று நினைத்தபோது என் மேலேயே பரிதாபம் வந்தது. இனி பக்கத்தில் யார் தின்றாலும் பயமில்லை என்றார் டாக்டர்.

சீசனில் அவளை ஐந்தருவிக்குக் கூட்டிப்போனேன். குளித்துவிட்டு வந்ததும் அவித்த கடலைப் பொட்டலம் ஒன்றை வாங்கி, பதக்கம் கொடுக்கிற தோரணையில் நீட்டினேன்.

"ஏட்டி, தின்னு. ஒனக்காகத்தான் இவ்வளவும்."

அவள் கை நீட்டவில்லை. "இந்த வாசம் வந்தாலே எனக்கு நெஞ்சு படபடங்குது. நீங்க மூச்சுக்குத் திணறுனதுதான் கண்ணு முன்னால வருது. ஒங்க ஒடம்பு பழகிட்டு. நான் எங்க பழகுனேன்?"

தைரியசாலி என்று மார்தட்டிக்கொண்டிருந்த இத்தனை மாதமும் பயம் முழுவதையும் அவள் தலையில் கட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைக்கப் போனேன்.

"குடுங்க," என்றாள். ஒன்றை உரித்து, பாதியைக் கடித்து, மெல்லாமல் என்னையே பார்த்தாள்.

"மெல்லு," என்றேன்.

மென்றுகொண்டே அழுதாள்.