பலகை கட்டிய கார்

எங்கள் வீட்டுக் கார் வீட்டில் நிற்கும்போது பரம சாது. வேப்பமரத்தடியில் நிறுத்தி, பானெட்டைத் திறந்துவைத்து, இன்ஜினை அரைமணி நேரம் ஓடவிட்டாலும் ரேடியேட்டரிலிருந்து ஒரு முணுமுணுப்பு வராது. அதையே புத்தூர் ரோட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனால், ஏரிக்கரையைத் தாண்டுவதற்குள் மூடியின் ஓரத்தில் ஆவி சீறிக்கொண்டு கிளம்பும். நைனா வண்டியை ஓரம்கட்டுவார். கொஞ்சம் ஆறட்டும் என்று காத்திருந்துவிட்டு, கோணிப்பையைக் கையில் சுற்றிக்கொண்டு மூடியைத் திறப்பார். நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏரியில் இறங்கிச் சொம்பில் தண்ணீர் மொண்டுவருவேன். அந்த வழியே போகிற மாட்டுவண்டிக்காரர்கள் நின்று நலம் விசாரித்துவிட்டு, எங்களை முந்திக்கொண்டு போவார்கள்.

மெட்ராஸில் ஒரு டாக்டர் ஓட்டி அலுத்த கறுப்புக் கார் அது. நைனா அதைப் பந்தாவுக்காக வாங்கினார் என்று ஊரில் பலரும் நினைத்தார்கள். எனக்கும் அப்படி நினைக்கத்தான் பிடித்திருந்தது. உண்மையில் அவர் வாங்கியது அத்தைக்காக.

அத்தை நைனாவின் ஒரே தங்கை, திருப்பதியில் வாழ்க்கைப்பட்டவள். முதல் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துவந்தபோது புத்தூர் வரைக்கும் ரயில், அங்கிருந்து எங்கள் மாட்டுவண்டி. மழை பெய்து பாதையெல்லாம் குழி விழுந்திருந்தது. பாதி வழியிலேயே வலி எடுத்துவிட்டது. வீட்டுக்கு வந்து பிறந்த குழந்தை தங்கவில்லை. அன்று வண்டி ஓட்டியவர் நைனா. அதைப்பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த வண்டியில் அவர் ஏறி உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. இப்போது அத்தை மறுபடியும் கர்ப்பமாக இருந்தாள். இந்த முறை அவளை உடம்பு குலுங்காமல் அழைத்துவந்து சேர்க்க வேண்டும், அவருக்கு அது ஒன்றுதான் நினைப்பு. நாளும் பார்த்துச் சொல்லி அனுப்பியாகிவிட்டது. காரோ ஏரிக்கரையைத் தாண்ட மாட்டேன் என்றது.

இங்கே பலகையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஆந்திரா தனி ராஜ்ஜியமாகிவிட்டது. எங்கள் பக்கத்து ஊர்கள் எந்தப் பக்கம் போகும் என்பது மட்டும் தீராமல் இழுத்துக்கொண்டிருந்தது. டீக்கடையில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கும்போது எந்த ராஜ்ஜியத்தில் எழுந்திருப்பான் என்று கேலி பேசிக்கொள்வார்கள். நைனா மெட்ராஸ் பக்கம். காரின் அகலத்துக்கு ஒரு மாம்பலகை அறுத்து, வெள்ளையடித்து, சிவப்புப் பெயிண்டில் ‘எங்கள் ஊர் தமிழ் ஊர்’ என்று எழுதி, காரின் முகப்பை மூடினாற்போல இரண்டு விளக்குகளுக்கும் நடுவே கம்பி போட்டுக் கட்டியிருந்தார். எங்கே கூட்டம் என்றாலும் கார் போகும். அதாவது, போகப் புறப்படும். அந்தப் பலகையால் எல்லைக்கோடு ஓர் அங்குலம் நகர்ந்ததாகத் தெரியவில்லை. எங்கள் ஊர் இன்றைக்கும் ஆந்திராவில்தான் இருக்கிறது.

அத்தையின் புருஷன், என் மாமா, எதிர்க்கட்சி. நைனாவுக்கு அத்தை மகன்தான். சின்ன வயதில் இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். ஆனால் மாமா தெலுங்கில் படித்து, திருப்பதியில் தெலுங்கு ஸ்கூலிலேயே வாத்தியாரும் ஆகிவிட்டார். சித்தூர் ஜில்லாவைக் கூறுபோடக் கூடாது என்று அங்கே நடந்த ஊர்வலங்களில் முன்வரிசையில் போனவர். போன பொங்கலுக்கு வந்திருந்தபோது இலையில் உட்கார்ந்தபடியே இருவருக்கும் பேச்சு முற்றி, மாமா பாயசத்துக்குக் காத்திராமல் எழுந்து போய்விட்டார். அதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் நடுவே பெண்கள் மட்டும்தான் பேசிக்கொண்டார்கள்.

நைனா காரோடு மல்லுக்கட்டினார். ரேடியேட்டரில் இருந்த தண்ணீரை வடித்தார். காவித் தண்ணீர் வந்தது. சலவைச் சோடாவைக் கரைத்து ஊற்றி அலசினார். ஃபேன் பெல்ட் தொளதொளவென்று இருந்ததை இழுத்துக் கட்டினார். ரப்பர் குழாய்களை மாற்றினார். பானெட்டுக்குள் குனிந்து வேலை செய்யும்போது பலகை வயிற்றில் இடிக்கும் என்பதால், அதைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவைத்துவிடுவார். வேலை முடிந்ததும் ஹேண்டில் போட்டு இன்ஜினைக் கிளப்பினால் சமர்த்தாக ஓடும். பூரித்துப்போய்ப் பலகையை மறுபடியும் கட்டிக்கொண்டு ரோட்டுக்குப் போவார். ஏரிக்கரையில் ஆவி பறக்கும்.

இதைச் சில நாள் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, ஒரு மத்தியானம் மோர் கொண்டுவந்து கொடுத்தபடியே சொன்னாள்: “இன்னாங்க, ரோட்டுக்குப் போறப்பவும் அந்தப் பலகைய வூட்லயே வச்சிட்டுப் போய்ப் பாருங்களேன். காத்து போவணும் இல்ல?”

நைனா மோரைக் கீழே வைத்தார். “அதானே பாத்தேன். சித்தூரு பேசுது.”

அம்மா பிறந்தது சித்தூர். அவளுடைய அண்ணன் தம்பிகள் எல்லாரும் மாமாவின் கட்சி. காருக்கும் கட்சிக்கும் என்ன சம்பந்தம் என்று அம்மா கேட்கவில்லை. மோர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கும் அம்மாமேல் கோபம்தான். பலகை இல்லாவிட்டால் அது வெறும் கார்.

குறித்த நாளுக்கு முந்தின நாள் காலையில், புத்தூர் ஸ்டேஷனிலிருந்து நடந்தே மாமா வந்து சேர்ந்தார். வீட்டுக்குள் நுழையாமல் நேரே வேப்பமரத்தடிக்குப் போனார். கக்கத்தில் இடுக்கிய குடையோடு காரை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார்.

“வண்டியப் பாக்காம உன் தங்கச்சிய அனுப்ப மாட்டேன் மச்சான். போன தபா பட்டது போதும்.”

நைனா அதற்குச் சண்டைக்கு நிற்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் ஸ்பேனரை எடுத்து மாமாவிடம் நீட்டினார்.

மாமாவின் அண்ணன் பஸ் ஓட்டியவர். பஸ் ஷெட்டிலேயே வளர்ந்ததால் மாமாவுக்கும் கொஞ்சம் தெரியும். சட்டையைக் கழற்றிக் கிளையில் மாட்டிவிட்டுக் காரியத்தில் இறங்கினார். ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து இன்ஜினை ஓடவிட்டு, தண்ணீரில் குமிழி வருகிறதா என்று பார்த்தார், வரவில்லை. ஆயிலை விரலில் தொட்டு வெயிலில் காட்டிப் பார்த்தார், தண்ணீர் கலக்கவில்லை. பிறகு இன்ஜினின் தலைமாட்டிலிருந்து ஒரு சின்னப் பித்தளைச் சாமானைக் கழற்றினார். தெர்மோஸ்டாட் என்றார். தண்ணீர் சூடேறினால் அது திறந்து வழிவிட வேண்டுமாம். அதைச் சோதிக்க அம்மாவின் ரசச் சட்டியைக் கேட்டு வாங்கி, அடுப்பில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டார். ராஜ்ஜியப் பேச்சில் பரமவிரோதிகளான இரண்டு பேர் அடுப்பு முன்னால் தலையோடு தலை இடிக்கக் குந்திக்கொண்டு, சட்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் கொதிப்பதற்குள் அது ஒழுங்காக வாயைத் திறந்தது. “நல்லாத்தான் கீது” என்றார் மாமா, குறையில்லாதது ஒரு குறை போல. அம்மா அந்தச் சட்டியைப் புளி போட்டுத் தேய்த்தும் திருப்திப்படாமல், கடைசியில் மாட்டுக்குக் கழுநீர் வைக்கப் போட்டுவிட்டாள்.

எல்லாவற்றையும் பூட்டி, பலகையையும் கட்டிக்கொண்டு, மூன்று பேரும் புத்தூர் ரோட்டுக்குப் போனோம். ஏரிக்கரையில் கார் கொதித்தது.

மாமா இறங்கினார். முன்பக்கம் போய்ப் பலகைக்கு எதிரே நின்றுகொண்டு அதையே பார்த்தார். வாத்தியார், நாலு வார்த்தையைப் படிக்க இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறாரே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நைனா கோணிப்பையும் கையுமாக மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எடு என்று அப்போது மாமா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அத்தை காரில் வந்திருக்க மாட்டாள் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

“இத்த யாரு இங்க கட்னது?” என்றார் மாமா.

“நான்தான். இன்னா அதுக்கு?”

“கட்னதுதான் கட்னே, நாலு பேரு படிக்கிற எடத்துல கட்டக் கூடாதா? முன்னாடி ஒரு மாட்டுவண்டி போனா மறைஞ்சி பூடுது. மேல ஏத்து மச்சான். கூரை மேல நிறுத்திக் கட்டு. அரை மைலுக்கு அப்பால நின்னுக்கினே படிக்கலாம்.”

நைனா அந்த யோசனையை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். எங்கே சூது என்று தேடினார். அகப்படவில்லை. “அதுவும் சரிதான்” என்றார் கடைசியில்.

வீட்டுக்குத் திரும்பியதும் மாமாவே கூரைமேல் ஏறினார். பலகையை நிமிர்த்தி, முட்டுக்கட்டை கொடுத்து, கயிற்றை ஜன்னல்கள் வழியாக உள்ளே விட்டு வாங்கி, ஆட்டிப் பார்த்து ஆட்டிப் பார்த்துக் கட்டினார். கயிற்றின் மறுமுனையை நைனா பிடித்துக்கொண்டார். மறுபடியும் புறப்பட்டோம். ஏரிக்கரை வந்தது, போனது. புத்தூர் வந்தது. போய்த் திரும்பி வேப்பமரத்தடியில் நிறுத்தியும் ஒரு பொட்டு ஆவி இல்லை. தெர்மோஸ்டாட்டைக் கொதிக்கவைத்ததால் அது சரியாகிவிட்டது என்று நைனா தீர்மானமாகச் சொன்னார். “ஆமா மச்சான், அதான், வேற ஒண்ணுமில்ல” என்றார் மாமா. அம்மா கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு சிரித்தாள்.

மாமா எங்கள் கட்சிக்கு வந்துவிட்டார் என்று நான் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். அவர் அதை மறுக்கவும் இல்லை.

மறுநாள் காலையில் தேங்காய் உடைத்து, சக்கரங்களின் கீழே எலுமிச்சம்பழம் வைத்துப் புறப்பட்டோம். முன்னால் நைனாவும் மாமாவும். பின்னால் தலையணைகளுக்கும் பூக்கூடைக்கும் நடுவே நான். கார் ஒரே சீராக ஓடியது. ரேணிகுண்டாவையும் தாண்டி, திருப்பதி நெருங்கும்போது நைனா தாமாகவே வண்டியை ஓரம்கட்டினார். இறங்கிப் போய்க் கயிற்றின் மேல் கையை வைத்தார்.

“அவுத்து உள்ள வச்சிக்கலாமா மாப்பிள்ள? உங்க ஊரு வந்துடுச்சி.”

“வேணாம் மச்சான். சூடாவாம ஓடிக்கினு கீது. ஓடற வண்டியில எத்தையும் தொடாதே.”

இதை நான் இன்ஜினைப் பற்றிய பேச்சு என்றே எடுத்துக்கொண்டேன். நைனா இன்னும் கொஞ்ச நேரம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, வந்து உட்கார்ந்தார்.

அத்தை வாசற்படியை மெல்ல இறங்கி வந்தாள். பலகையை அண்ணாந்து பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். அன்று அவள் வயிற்றில் இருந்தவளுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் காரில் ஏறினால் தூக்கம் வருகிறது என்பாள்.

திரும்பும்போது ரேணிகுண்டா ரயில்வே கேட் மூடியிருந்தது. நல்ல வெயில். நைனா இன்ஜினை நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி கிளம்புமோ என்னவோ என்ற பயம். ரேடியேட்டர் மூடியிலேயே கண்ணாக இருந்தார். அத்தையின் நெற்றியில் வேர்த்தது. கேட்டுக்குப் பக்கத்து டீக்கடையிலிருந்து ஒரு கும்பல் காரைப் பார்த்தது. முதலில் பலகையைப் பார்த்தார்கள். பிறகு குனிந்து, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மாமாவை அடையாளம் கண்டுகொண்டார்கள். அப்புறம் ஒருவர் கை தட்டினார். உடனே எல்லாரும் தட்டினார்கள். ஒருவன் விசிலடித்தான். “மாஸ்டாருக்கு ஜே!” என்றார் துண்டு போட்ட பெரியவர் ஒருவர்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நல்ல காரியத்துக்குத்தான் கை தட்டி நான் பார்த்திருக்கிறேன். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, இரண்டு கையையும் ஆட்டினேன். அத்தை என்னை உள்ளே இழுத்துக் கையை மடியில் அழுத்திக்கொண்டாள்.

“விடு, கொழந்த ஆட்டட்டும்” என்றார் மாமா, திரும்பிப் பார்க்காமல். பிறகு தாமும் கையை வெளியே நீட்டி, அவர்களைப் பார்த்து ஆட்டினார். நைனாவின் காதுகள் இரண்டும் சிவந்திருந்தன. கேட் திறந்தது. வீடு வந்து சேரும்வரை கார் கொதிக்கவே இல்லை.

வாசலில் அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றாள். அத்தை இறங்கினாள், ஒரு முனகல் இல்லாமல், தன் காலால் நடந்து. எனக்கு ஆரத்தி முடிகிறவரை பொறுமை இல்லை. “அம்மா, மாமாவுக்கு ரேணிகுண்டாவுல எவ்ளோ சிநேகிதங்க தெரியுமா? நம்ம பலகையப் பாத்துட்டு எல்லாரும் கை தட்னாங்க!” என்றேன். அம்மா மாமாவைப் பார்த்தாள். அவர் தலையணைகளை எண்ணி இறக்குவதில் மும்முரமாக இருந்தார். பிறகு நைனாவைப் பார்த்தாள். அவர் அதற்குள் கூரைமேல் ஏறிவிட்டார். முடிச்சுகள் இறுகியிருந்தன, பல்லால் கடித்து ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் நைனா, இருக்கட்டும் என்று நான் கீழே நின்று அழுதேன். அத்தனை பேருக்குப் பிடித்துப்போன பலகையை அவர் ஏன் கழற்றுகிறார் என்று எனக்குப் புரியவே இல்லை.