நூற்று எழுபது ராத்தல்

சன்னாசி ஒரு காலத்தில் தொந்தியும் தொப்பையுமாக இருந்தவன். மலாயாவில் பகாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றின் பொதுச் சமையல் கொட்டகையில் அவன்தான் சமையல்காரன். காட்டில் ஒளிந்து சண்டைபோடுகிற கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசி போய்விடக் கூடாதென்று, அவசரகாலத்தில் வீட்டு அடுப்புகளை அணைத்துவிட்டு எல்லாருக்கும் ஒரே கொட்டகையில் சோறாக்கிப் போட்டார்கள். அதோடு விட்டார்களா? மாதம் பிறந்தால் ரப்பர்ப்பால் நிறுக்கும் தராசில் ஆட்களையும் ஏற்றினார்கள். எடை குறைந்தவன் தன் சோற்றைக் காட்டுக்கு அனுப்புகிறான் என்பது வெள்ளைக்காரத் துரையின் கண்டுபிடிப்பு. மாடு விற்கிற இடத்தில்கூட இந்தக் கேவலம் நடக்காது.

பிறகு அவனைச் சமையலிலிருந்து தூக்கி, கம்பிவேலிக்குக் குழி வெட்டப் போட்டார்கள். ஐந்தே மாதத்தில் தொந்தி போன இடம் தெரியவில்லை. தோளும் தொடையும் கல்லாக இறுகின. தராசு மட்டும் அசையவில்லை. அன்றும் நூற்று எழுபது ராத்தல், இன்றும் நூற்று எழுபது ராத்தல். கரைந்த கொழுப்பை ஏறிய சதை ஈடுகட்டிவிட்டது. சதை கனமானது, இடம் கொஞ்சமாகத்தான் பிடிக்கும். இது அந்தத் தோட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை.

இடுப்பில் நிற்காத சிலுவார்க் காற்சட்டையைக் கயிற்றால் கட்டிக்கொண்டு திரிந்தான்.

"குடுங்க, இடுப்பப் புடிச்சித் தச்சித் தர்றேன்" என்றாள் மனைவி முத்தாயி.

"சும்மா இரு லா. மறுபடி கொட்டாய்க்குப் போனா தொந்தி தன்னால வந்துடும்."

அடுத்த மாத நிறுவையில் போலீஸ் அதிகாரியும் வந்து நின்றார். தராசைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி துரைசிங்கம் அதைத் தமிழில் சொன்னார்:

"எடை குறையேல்லை, வயித்தைக் காணேல்லை. அப்ப சிலுவாருக்குள்ள அரிசி கட்டியிருக்கிறாய் எண்டு போலீஸ் துரை சொல்லுறார்."

சன்னாசிக்குத் தெரியும்: அரிசி கடத்தியவனைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள். முத்தாயி இங்கே தனியாகக் கிடப்பாள்.

அத்தனை பெண்கள் பார்க்க அவனை அம்மணமாக்கினார்கள். ஒரு மணி அரிசி இல்லை.

"கிராணி ஐயா, இப்பிடியே ஏத்தி நிறுக்கச் சொல்லுங்கய்யா! அதே எடதான் காட்டும்!"

சந்தேகத்துக்கு ஆளானவனுக்குப் பரிந்து பேசினால் அடுத்த சந்தேகம் தன்மேல் விழும் என்று கிராணி பயந்தார். அந்த ஒரு வாக்கியத்தை அவர் ஆங்கிலத்தில் சொல்லவே இல்லை. பாவி மனிதர். அரிசியை எங்கோ வீசிவிட்டான் என்று அதிகாரி எழுதிக்கொண்டார்.

தடுப்புக்காவல் முகாமில் மூன்று மாதம் வேலையில்லாமல் உட்காரவைத்து, சோறும் மரவள்ளியும் போட்டார்கள். தோள் சதை வற்றியது, தொந்தி திரும்பியது. விசாரணையன்று அதே சிலுவாரை மாட்டிவிட்டார்கள். கயிறே வேண்டியிருக்கவில்லை. எடை நூற்று ஐம்பத்தாறு.

அதிகாரி மேசையைத் தட்டிச் சிரித்தார். குறைந்த பதினான்கு ராத்தலும் அன்று கட்டியிருந்த அரிசிதான் என்று தீர்ப்பாகிவிட்டது.

மறுநாள் முத்தாயி பார்க்க வந்தாள். கையில், இடுப்பைப் பிடித்துத் தைத்த இன்னொரு சிலுவார். கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து அவன் வயிற்றைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"ஒடம்பு தேறிட்டீங்களே! எப்ப விடுறாங்களாம்?"

"வெள்ளிக்கெழம கப்பல்" என்றான் சன்னாசி.